தெருவும் கூற்றும்: மனிட்டோபாவின் மென்னோனைட் மரபுச் சிற்றூர் – ஒரு திறனாய்வு

முன்னுரை

கனடாவின் மனிட்டோபா மாகாணத்தில், வின்னிப்பெக் நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஸ்டைன்பாக் என்னும் நகரம் உள்ளது. அந்நகரின் வடபுறத்தில் 40 ஏக்கர் பரப்பில் அமைந்திருப்பது மென்னோனைட் மரபுச் சிற்றூர் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம். 1964-இல் தோன்றிய உள்ளூர் வரலாற்றுக் கழகம் ஒன்றின் முயற்சியால் உருப்பெற்ற இவ்வருங்காட்சியகம், கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1967-இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. பல ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வீடுகளும் ஆலயங்களும் பள்ளிகளும் பட்டறைகளும் ஒரே தெருவின் இருமருங்கிலும் நிறுத்தப்பட்டுள்ளன. தெருவின் மேலே எங்கிருந்து நோக்கினும் கண்ணில் படுமாறு ஒரு காற்றாலை எழுந்து நிற்கின்றது.

கட்டடங்களையே காட்சிப்பொருளாக்கி ஓர் ஊரைப்போல் அடுக்கிவைக்கும் இம்முறைக்கு முன்னோடி, 1891-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்ட்டூர் ஹசேலியஸ் நிறுவிய ஸ்கான்சென் ஆகும். தமிழ் வாசகர் நன்கறிந்த சான்று, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. ஊர்கள் தம் பழைய வடிவத்தை இழந்துகொண்டிருந்த காலத்தில் இம்முறை பல கட்டடங்களை அழிவிலிருந்து காத்துள்ளது. அப்பணியின் அருமையை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் காக்கும் முறையே சிலவற்றை இழக்கச் செய்வதும் உண்டு. அவ்விழப்பு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழ் மரபிலிருந்தே ஒரு கருவியை எடுத்துக்கொள்ளலாம். திறந்தவெளி அருங்காட்சியகம் ஒருவகைத் தொகை நூல். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காரணத்திற்காக எழுந்தவற்றை ஒருவர் தெரிந்தெடுத்து ஓர் ஒழுங்கில் வைக்கிறார். நம் அகத்தொகை நூல்களைத் தொகுத்தோரும் அவற்றைப் பேணியோரும் பாடலை மட்டும் விட்டுச் செல்லவில்லை. யார் கூற்று, யாரை நோக்கியது, எச்சூழலில் எழுந்தது என்னும் குறிப்பையும் உடன் வைத்தனர். கூற்றை நீக்கிவிட்டால் தோழியின் சினம் தலைவியின் புலம்பலாகப் படிக்கப்படும். ஸ்டைன்பாக்கின் தெருவில் நிற்கும் கட்டடங்களுக்கு இத்தகைய கூற்று உண்டா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

குடிபெயர்வே மரபாகிய மக்கள்

மென்னோனைட்டினர் 16-ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தக் காலத்தில் தோன்றிய கிறித்தவப் பிரிவினர். குழந்தைக்கு அன்றி, அறிந்து ஏற்கும் வயதினர்க்கே திருமுழுக்கு என்பதும், படைக்கலம் ஏந்தாமை என்பதும் அவர்தம் அடிப்படைக் கொள்கைகள். நெதர்லாந்தைச் சேர்ந்த மென்னோ சைமன்ஸின் பெயரால் அழைக்கப்படும் இம்மக்களுள் ஒரு பெரும்பிரிவினர், ஒடுக்குமுறைக்குத் தப்பி விஸ்டுலா ஆற்றின் கழிமுகப் பகுதியில் குடியேறினர். அவர்களின் வீட்டுமொழியாகிய பிளௌட்டீட்ச் என்னும் தாழ்நில ஜெர்மன் அங்குத்தான் வேரூன்றியது. வழிபாட்டிலும் பள்ளியிலும் உயர் ஜெர்மன் வழங்கலாயிற்று. பின்னர்ப் பேரரசி கேத்தரினின் அழைப்பை ஏற்று, இன்றைய உக்ரைனில் 1789-இல் கோர்டிட்சா, 1804-இல் மொலோச்னா ஆகிய குடியேற்றங்களை நிறுவினர்.

1870-களில் உருசியப் பேரரசு அனைவர்க்கும் கட்டாயப் படைப்பணியைக் கொண்டுவர முனைந்தபோது, மீண்டும் இடம்பெயரும் தேவை நேர்ந்தது. 1873-இல் 12 பேராளர்கள் வட அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினர். 1874 தொடங்கிய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 7,000 பேர் மனிட்டோபாவுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் 'சிறுசபை' என்னும் பிரிவைச் சேர்ந்த 18 குடும்பங்கள் 1874-இல் நிறுவிய ஊரே ஸ்டைன்பாக். ஊரின் பெயரும் உருசியாவில் விட்டுவந்த ஊரின் பெயரே.

இவ்வரலாற்றில் கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. பிற குடியேறிகளின் மரபில் குடிபெயர்வு ஒரு தொடக்கம். அதன்பின் வேரூன்றுதலே கதை. மென்னோனைட்டினர்க்கோ புறப்படுதல் திரும்பத் திரும்ப நிகழும் சமயச் செயல். அரசு தம் மனச்சான்றில் தலையிடும்போது நிலத்தை விட்டு நீங்குவதே அவர்களின் மறுமொழி. அத்தகைய மக்களின் மரபை, அசையாத கட்டடங்களைக் கொண்டு காட்டுவது எளிய பணி அன்று.

தெருவின் இலக்கணம்

அருங்காட்சியகத்தின் சிறப்பான காட்சிப்பொருள் வீடும் தொழுவமும் ஒரே கூரைவரிசையில் இணைந்த கட்டடமாகும். கோர்டிட்ஸ் என்னும் ஊரில் 1892-இல் எழுப்பப்பட்ட அத்தகைய வீடு ஒன்று இங்குப் பெயர்த்து அமைக்கப்பட்டுள்ளது. 1876-ஆம் ஆண்டைச் சேர்ந்த வால்ட்ஹைம் மரவீடு இதனினும் பழைமையானது. இணைவீட்டின் நடுவில் செங்கல் அடுப்பு ஒன்று நிற்கும். அறைகள் அதனைச் சூழ்ந்திருப்பதால் ஓரடுப்பின் வெப்பமே எல்லா அறைகளுக்கும் பரவும். மரம் அரிதான புல்வெளியில் வைக்கோலும் வறட்டியும் எரிபொருளாயின. மனிட்டோபாவின் பனிக்காலத்தில் வெளியே காலடி வையாமலே கால்நடைகளைப் பேண இவ்வமைப்பு உதவிற்று. வாழ்வின் அறிவு கட்டடத்தில் எவ்வாறு படிந்துள்ளது என்பதை இவ்வீடு நூல்களினும் தெளிவாகக் கற்பிக்கிறது. இஃது அருங்காட்சியகத்தின் பெருவெற்றி எனலாம்.

தெருவும் கருதிப் பார்த்தற்குரியது. கனடிய அரசு 1872-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி சதுரம் சதுரமாக நிலத்தை அளந்து, குடும்பத்திற்கு 160 ஏக்கர் வீதம் தனித்தனியே வழங்கியது. அம்முறையில் ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தின் நடுவே தனித்து வாழ வேண்டும். மென்னோனைட்டினர் அவ்வாறு வாழ விரும்பவில்லை. தத்தம் பெயரில் பதிவான நிலங்களை ஊரார் உடன்பாட்டால் ஒன்றாக்கி, நல்ல மண்ணும் குறைந்த மண்ணும் எல்லார்க்கும் கிடைக்குமாறு கீற்றுகளாகப் பகுத்துக்கொண்டு, ஒரு தெருவின் இருபுறமும் நெருங்கி வாழ்ந்தனர். எனவே தெரு என்பது வெறும் ஊரமைப்பு அன்று. அரசின் அளவைக் கோட்டிற்கு எதிராக ஒரு சபை எழுதிய மறுப்பு.

அம்மறுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. சட்டத்தின் பார்வையில் நிலம் தனியார் உடைமையே ஆதலால், ஒருவர் தம் 160 ஏக்கரைப் பிரித்துக் கேட்டால் ஊராரால் தடுக்க இயலாது. பிரித்துக் கேட்டோரைச் சபை கண்டித்தது. சில ஊர்களில் விலக்கியும் வைத்தது. ஸ்டைன்பாக்கிலேயே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொதுநில முறை கலைந்துபோயிற்று. பின்னாளில் அந்நகரம் வாகன விற்பனையால் செழித்து 'மோட்டார் வாகன நகரம்' என்னும் பெயரைப் பெற்றது. தான் கைவிட்ட தெருவை நகரம் தன் எல்லையில் மீண்டும் கட்டியெழுப்பியுள்ளது. ஆனால் தெருவை எழுப்பியவர்க்கும் கலைத்தவர்க்கும் இடையே நிகழ்ந்த வழக்கு அத்தெருவில் இல்லை. இங்கே நடப்பவர் காண்பது அமைதியான அண்டைமை மட்டுமே.

இருமுறை எழுந்த காற்றாலை

காற்றாலையின் வரலாறு இதனை மேலும் விளக்கும். ஸ்டைன்பாக்கில் 1877-இல் மாவரைக்கும் காற்றாலை ஒன்று எழுந்தது. அது நெடுநாள் அங்கு நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே நீராவி ஆலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனைப் பின்பற்றி 1972-இல் அருங்காட்சியகத்தில் ஒரு காற்றாலை கட்டப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் தீயோர் இட்ட நெருப்புக்கு அஃது இரையாயிற்று. ஊர்மக்கள் பொருளுதவ, நெதர்லாந்தின் காற்றாலைக் கைவினைஞர்களின் துணையோடு 2001-இல் மீண்டும் எழுந்தது.

இன்றுள்ள காற்றாலை ஒரு படியின் படி. இதனைக் கொண்டு அதன் மெய்ம்மையை மறுப்பாரும் உளர். அக்கருத்து ஏற்புடையதன்று. ஏட்டுச்சுவடி சிதைவுற்றால் வேறோர் ஏட்டில் படியெடுத்துப் பாடலைக் காத்த மரபு நம்முடையது. பழைய ஏடு இல்லை என்பதால் பாடல் பொய்யாவதில்லை. எரிந்ததை ஓராண்டுக்குள் மீண்டும் எழுப்பிய மனவுறுதி, கல்லையும் மரத்தையும் விட மெய்யான மரபு. வினவ வேண்டியது வேறு. சில ஆண்டுகளே இயங்கிய ஒன்று ஒரு மக்களின் முழு அடையாளமாக உயர்ந்தது எவ்வாறு? காற்றாலையைக் குறித்து யாருக்கும் சண்டை இல்லை. அது நெதர்லாந்தின் தொடக்கத்தையும் புல்வெளியின் உழைப்பையும் ஒருங்கே நினைவூட்டுகிறது. எவர் மனத்தையும் புண்படுத்துவதில்லை. பள்ளிக்கூடத்திற்கு இத்தகைய பேறு இல்லை.

இரு பள்ளிகள், ஒரு சொற்றொடர்

தெருவில் இரண்டு பள்ளிகள் உள்ளன. ஒன்று சபையினர் நடத்திய தனிப்பள்ளி வகையைச் சேர்ந்தது. மற்றொன்று பார்க்ஃபீல்டு அரசுப் பள்ளி. முன்னதில் ஜெர்மன் மொழியில் மறைநூலும் எண்ணும் எழுத்தும் கற்பிக்கப்பட்டன. பின்னதில் ஆங்கிலம் பயிற்றுமொழி. தெருவில் நடப்பவர்க்கு ஒன்று முந்தைய காலம், மற்றொன்று பிந்தைய காலம் என்று இயல்பான வளர்ச்சியாகவே இவை தோன்றும். உண்மையில் இவ்விரு கட்டடங்களுக்கும் இடையே ஒரு மக்கள்கூட்டத்தின் பிளவே கிடக்கிறது.

1873 ஜூலையில் கனடிய வேளாண்மைத் துறையின் செயலர் ஜான் லோ, மென்னோனைட்டுப் பேராளர்க்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதில் 15 கூறுகள் இருந்தன. படைப்பணியிலிருந்து விலக்கு, நில ஒதுக்கீடு ஆகியவற்றோடு, தம் பிள்ளைகளுக்குத் தம் பள்ளிகளில் எவ்விதத் தடையுமின்றிக் கல்வி அளிக்கும் உரிமையும் உறுதி செய்யப்பட்டிருந்தது. குடியேறியோர் அதனைத் தம் உரிமைச் சாசனமாகப் போற்றினர். ஆனால் அடுத்த மாதமே அரசு பிறப்பித்த ஆணையில் அதே கூற்றின் நடுவே, 'சட்டம் வகுத்தபடி' என்னும் பொருளுடைய சில சொற்கள் சேர்ந்துவிட்டன. கனடாவின் 1867-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டப்படி கல்வி மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நடுவண் அரசு தன் கையில் இல்லாத ஒன்றை வழங்க இயலாது. எனவே அச்சொற்கள் புகுந்தன. பாட வேறுபாடு ஆராயும் தமிழாசிரியர்க்கு இஃது இடைச்செருகல் என உடனே விளங்கும். அந்த இடைச்செருகலை நம்பிக்கையோடு கடல் கடந்தோர் அறிந்திருக்கவில்லை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவ்வேறுபாடு உறங்கிக் கிடந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில், 1916-இல், மனிட்டோபா அரசு இருமொழிப் பள்ளிகளை ஒழித்து, ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கி, பள்ளி வருகையைக் கட்டாயமாக்கியது. பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த பெற்றோர் தண்டம் செலுத்தினர். சிலர் சிறையும் சென்றனர். 1919-இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம், 1873-இன் உறுதிமொழி பள்ளிச் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது. பழைய மறுமொழியே மீண்டும் எழுந்தது. 1922 தொடங்கிப் பழைய குடியேற்றச் சபையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் தனித் தொடர்வண்டிகளில் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்திற்குப் புறப்பட்டனர். 1920-களின் பிற்பகுதியில் வேறு சில சபையினர் பராகுவேயின் சாக்கோ காட்டுவெளிக்குச் சென்றனர். சிறுசபையிலிருந்தும் ஒரு பகுதியினர் 1948-இல் மெக்சிகோவுக்குப் பெயர்ந்தனர்.

தங்கியோர் பலர் ஆங்கிலப் பள்ளியை ஏற்றனர். வணிகத்திலும் கல்வியிலும் உயர்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களே 1960-களில் இச்சிற்றூரை உருவாக்கியோருள் பெரும்பாலோர். பழைமையை விடாது காக்கச் சென்றவர்கள் அருங்காட்சியகம் அமைக்கவில்லை. அவர்களுக்கு அதன் தேவை இல்லை. பழைமையை விட்டோரே அதனைக் கண்ணாடியில் வைத்தனர். பிளௌட்டீட்ச் இன்றும் குழந்தைகளின் முதல்மொழியாக வழங்குவது மெக்சிகோ, பொலிவியா, பராகுவே, பெலிஸ் முதலிய நாடுகளின் மென்னோனைட் ஊர்களில்தான். ஸ்டைன்பாக்கில் அது பெரும்பாலும் முதியோர் மொழியாகவும் விழாக்கால மொழியாகவும் சுருங்கி வருகிறது. இதனைப் பழித்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. தங்குதலும் ஒரு தெரிவே. அதற்கும் அறம் உண்டு. ஆயினும் இரு பள்ளிகளும் ஒருவரோடு ஒருவர் வழக்காடிய இரு தரப்பினரின் கூற்றுகள் என்பதைத் தெரு சொல்ல வேண்டும். தாய்மொழிப் பள்ளியின் எதிர்காலம் ஓர் ஆணையின் எச்சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும் ஆசிரியர் எவர்க்கும் இது தொலைநாட்டுச் செய்தியாகத் தோன்றாது.

இரு ஆலயங்கள்

ஆலயங்களும் இவ்வாறே. தெருவில் நிற்கும் ஒன்று பழைய குடியேற்றச் சபையினர் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. அச்சபையே பின்னர்ப் பெருந்தொகையாக மெக்சிகோ சென்றது. மற்றொன்று லிக்டெனவ் ஆலயம். இதனை எழுப்பியோர் 1920-களில் சோவியத்து நாட்டிலிருந்து தப்பி வந்தவர்கள். உள்நாட்டுப் போர், கொள்ளை, பஞ்சம் ஆகியவற்றைக் கண்டபின் 1923 முதல் 1930 வரை ஏறத்தாழ 20,000 மென்னோனைட்டினர் கனடாவுக்கு வந்தனர். ஒரே பத்தாண்டில், ஒரே பெயருடைய மக்களுள் ஒரு சாரார் கனடாவில் உரிமை இல்லை என்று வெளியேறினர். மற்றொரு சாரார் கனடாவே உய்வு என்று உள்ளே வந்தனர். போனோர் விட்ட நிலங்களுள் சிலவற்றை வந்தோர் வாங்கி உழுததும் உண்டு.

இதைவிடச் செறிவான வரலாறு வேறு எங்கும் கிடைத்தல் அரிது. இரு ஆலயங்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும்போது கேட்க வேண்டிய வினா மிகக் கூர்மையானது: ஒரே நாடு ஒருவர்க்குச் சிறையாகவும் மற்றவர்க்குப் புகலாகவும் தோன்றியது எதனால்? ஆனால் பார்வையாளர் இரண்டையும் அழகிய பழைய ஆலயங்களாகவே கண்டு கடக்கிறார். அருங்காட்சியகத்தின் உள்ளரங்கக் காட்சிக்கூடம் இவ்வரலாற்றை மறைக்கவில்லை என்பதை நடுநிலையோடு கூற வேண்டும். மெக்சிகோக் குடிபெயர்வின் நூற்றாண்டை ஒட்டி 2022-இல் அப்பொருள் பற்றிய கண்காட்சியும் இடம்பெற்றது. குறை கூடத்தில் இல்லை. கூடத்தில் சொல்லப்படுவது தெருவை வந்தடையாததில் உள்ளது. வருவோர் நெடுநேரம் செலவிடுவதும், பிள்ளைகள் நினைவில் கொண்டு செல்வதும் தெருவையே.

இக்குறை இவ்வருங்காட்சியகத்துக்கு மட்டும் உரியதன்று. தட்சிணசித்ராவில் அக்கிரகார வீட்டிலிருந்து குயவர் வீட்டிற்குச் சில நிமிடங்களில் நடந்து செல்லலாம். நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் எவ்வீட்டினுள்ளும் நுழையலாம். அவ்வீடுகள் தம் சொந்த ஊர்களில் நின்ற காலத்தில் அவ்வாறு நுழைந்திருக்க முடியுமா? கட்டடம் காக்கப்படுகிறது, வாசலில் நின்ற தடை காணாமற் போகிறது. திறந்தவெளி அருங்காட்சியகம் என்னும் வடிவமே வேற்றுமைகளை அண்டைமையாக மாற்றிவிடும் இயல்பினது.

தெருவுக்கு முன்பிருந்த நிலம்

அகப்பாடலுக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பர். இத்தெருவின் முதற்பொருளை வினவுதலும் இன்றியமையாதது. 1874-இல் வந்தோர்க்கு ஒதுக்கப்பட்ட கிழக்கு ஒதுக்கீடு எட்டு நிலத்தொகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் 36 சதுர மைல். சில ஆண்டுகளில் சிவப்பாற்றின் மேற்கே 17 தொகுதிகள் கொண்ட மேற்கு ஒதுக்கீடும் வழங்கப்பட்டது. இந்நிலம் எவ்வாறு 'வெறும் நிலம்' ஆயிற்று? 1869–70-இல் மெட்டிஸ் மக்கள் லூயி ரியேல் தலைமையில் தம் உரிமைக்காக எழுந்தனர். 1870-ஆம் ஆண்டின் மனிட்டோபாச் சட்டம் அவர்தம் பிள்ளைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் நிலத்தை உறுதியளித்தது. 1871 ஆகஸ்டில் அனிஷினாபே, கிரீ மக்களோடு முதலாம் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1873-இல், மென்னோனைட்டினர்க்கு நிலம் ஒதுக்கப்பட்டது. மெட்டிஸ் மக்களுக்கான ஒதுக்கீடு காலம் தாழ்ந்தும் குழப்பத்தோடும் நடந்தது. மகுடத்தின் மாண்புக்கு ஏற்ப அரசு அதனை நிறைவேற்றவில்லை எனக் கனடிய உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது.

இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்வு மென்னோனைட்டினரின் முந்தைய வரலாற்றிலேயே உண்டு. கோர்டிட்சாக் குடியேற்றம் எழுந்த நிலம் சபரோசியக் கொசாக்குகளுடையது. 1775-இல் பேரரசி அவர்தம் கோட்டையை அழித்து அமைப்பைக் கலைத்தாள். 14 ஆண்டுகளில் மென்னோனைட்டினர் அங்கு வந்தனர். படைக்கலம் ஏந்தாத மக்கள், படைக்கலத்தால் வெறுமையாக்கப்பட்ட நிலத்தில் இருமுறை உழவு தொடங்கினர். அவர்கள் அதனைச் செய்வித்தவர்கள் அல்லர். பலர் அறிந்தவரும் அல்லர். எனினும் அமைதியை அறமாகக் கொண்ட மரபு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய மிகக் கடிய வினா இதுவேயாகும். புல்வெளியை உழைப்பால் விளைநிலமாக்கிய கதையை மட்டும் தெரு சொல்லும்போது அவ்வினாவுக்கு இடமில்லாமற் போகிறது.

புனைவிலக்கியம் பேணியது

தெரு விட்டதை எழுத்து பேணியிருக்கிறது. ரூடி வீபின் 'பீஸ் ஷல் டெஸ்ட்ராய் மெனி' என்னும் புதினம் 1962-இல் வெளிவந்தது. சஸ்காட்செவனின் மென்னோனைட் ஊர் ஒன்றின் உட்பூசலையும், அவ்வூரின் விளிம்பில் வாழ்ந்த பழங்குடி மக்களை ஊரார் நடத்திய முறையையும் அது வெளிப்படுத்திற்று. சபையினரிடையே எழுந்த கொந்தளிப்பால் வீப் தாம் வகித்த சபை இதழின் ஆசிரியப் பொறுப்பை விட்டு விலக நேர்ந்தது. பின்னர் அவர் கிரீ மக்களின் தலைவர் பெருங்கரடியைப் பற்றி 1973-இல் ஒரு புதினம் எழுதினார். தம் மக்களின் கதையைச் சொல்லத் தொடங்கியவர், நிலத்தின் முந்தைய மக்களின் கதைக்குச் சென்று சேர்ந்தது தற்செயல் அன்று.

ஸ்டைன்பாக்கில் 1964-இல் பிறந்த மிரியம் டேவ்ஸின் 'எ காம்ப்ளிகேட்டட் கைண்ட்னஸ்' 2004-இல் வெளிவந்து கனடாவின் ஆளுநர் நாயகம் இலக்கிய விருதைப் பெற்றது. எழுத்தாளர் பிறந்த ஆண்டும் அருங்காட்சியகத்தை உருவாக்கிய கழகம் தோன்றிய ஆண்டும் ஒன்றே. புனைபெயர் இட்ட ஊரில் நிகழும் இப்புதினத்தில், சுற்றுலாப் பயணிகள் காணவரும் பழஞ்சிற்றூர் ஒன்று இடம்பெறுகிறது. கதை சொல்லும் இளம்பெண்ணின் தாயும் தமக்கையும் ஊரை விட்டு நீங்கியவர்கள். சபையின் விலக்கம் குடும்பத்தைச் சிதைத்திருக்கிறது. பயணிகளுக்குக் காட்டப்படும் எளிய வாழ்வுக்கும் அவ்வீட்டின் வெறுமைக்கும் உள்ள தொலைவே நூலின் அங்கதம். அருங்காட்சியகத்தில் நிறைந்த வீடுகள் உள்ளன. புதினத்தில் உள்ளதோ ஆட்கள் குறைந்த வீடு. நீங்குதலைக் காட்ட வல்லது பின்னதே.

புதினத்தை உயர்த்தி அருங்காட்சியகத்தைத் தாழ்த்துவது இவ்வொப்பீட்டின் நோக்கமன்று. செங்கல் அடுப்பின் வெப்பத்தையும் இணைவீட்டின் இடைவழியையும் எப்புதினமும் அவ்வளவு தெளிவாக உணர்த்த இயலாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய எல்லை உண்டு. எல்லையை அறிந்த வடிவமே அதனைத் தாண்டவும் வல்லது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. மென்னோனைட் மரபுச் சிற்றூர் கட்டடங்களையும் தொழில்நுட்பங்களையும் உணவையும் செம்மையாகப் பேணியுள்ளது. எரிந்ததை மீண்டும் எழுப்பும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆயினும், எந்த வழக்குகளால் இம்மக்கள் மென்னோனைட்டினராக நீடித்தனரோ அவ்வழக்குகள் அதன் தெருவில் ஒலிக்கவில்லை. மரபு என்பது இவ்விடத்தில் பொருள்களின் தொகுதி மட்டும் அன்று. அரசோடும் அண்டையாரோடும் தம்முள்ளும் நிகழ்த்திய உரையாடலின் தொகுதி.

இதனைச் சரிசெய்யப் பெருஞ்செலவு தேவையில்லை. கட்டடம் எழுந்த ஆண்டோடு அது பெயர்க்கப்பட்ட ஆண்டையும், அதனை விட்டுச் சென்றோர் யார், எங்கு, எதனால் சென்றனர் என்பதையும் வாசலிலேயே எழுதிவைக்கலாம். சபைப் பள்ளியின் சுவரில் லோவின் கடிதத்தையும் அரசாணையையும் அடுத்தடுத்து வைத்து, இடையில் புகுந்த சொற்களைக் குறித்துக் காட்டலாம். மாணவர் ஒருவர் அவ்விரு தாள்களின் முன் நின்று படிக்கும் பத்து நிமிடங்கள், ஒரு பாடவேளைக்குச் சமம். தெருவின் தொடக்கத்தில் நில அளவைக் கல் ஒன்றை நட்டு, 1870, 1871, 1873 என்னும் மூன்று ஆண்டுகளையும் அதில் பொறிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடுகளின் வரிசையில் ஒரு மனையை வெறுமையாக விடலாம். அடுப்பு இருந்த இடத்தைக் காட்டும் செங்கல் தடமும், 1922 என்னும் எண்ணும் அங்குப் போதும்.

பல சபைகளிலும் பலமுறை நிகழ்ந்த நீங்குதலுக்கு அத்தெருவில் இன்று ஓரடி நிலமும் இல்லை. ஒரு மக்களின் வரலாற்றில் பாதி புறப்பாடாக இருக்கும்போது, அவர்களின் ஊரைக் காட்டும் தெருவில் ஒரு வெற்றுமனையேனும் இருத்தல் முறை. அம்மனையே மற்ற வீடுகளுக்கெல்லாம் கூற்றாக அமையும்.